பூவிழாவும் ரேந்தைப் பின்னலும்

நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் வயது முதிர்ந்தோர் 'ரேந்தை' என்று ஒரு சொல்லை வழங்குவர். ரவிக்கையின் கையோரத்திலும், குழந்தைச் சட்டையின் கழுத்திலும், மேசை விரிப்பின் விளிம்பிலும் வைத்துத் தைக்கும் பூவேலைப்பாடுள்ள வலைப்பின்னலுக்கு அது பெயர். போர்ச்சுகீசிய மொழியின் 'ரெண்டா' என்னும் சொல்லே நம் நாவில் ரேந்தை ஆயிற்று. இன்று அதையே 'லேஸ்' என்று கடையில் கேட்டு மீட்டர் கணக்கில் வாங்குகிறோம். அது பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. இயந்திரம் தோன்றுவதற்கு முன் உலகில் இருந்த ரேந்தை முழுவதும் மனிதர் கைவிரல்களால் ஆனதே.

இங்கிலாந்து தேசத்தில் பக்கிங்காம்ஷயர், பெட்போர்டுஷயர், நார்தாம்டன்ஷயர் ஆகிய மாவட்டங்களின் கிராமங்களும், தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் ஹானிடன் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களும் கைரேந்தைக்குப் பேர்போனவை. இன்று அங்கே இத்தொழிலை மட்டும் நம்பி வாழும் குடும்பத்தைக் காண்பது அரிது. ஆயினும் கோடைகாலத்தில் கிராமத் தேவாலயங்களில் நடைபெறும் பூவிழாக்களில், ரேந்தைத் திண்டை முன்னே வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் அமர்ந்து, வருவோர் போவோர் காணப் பின்னிக்காட்டுவது வழக்கமாகி இருக்கிறது. பிழைப்புக்கு உதவாத தொழிலை ஊர் நடுவே செய்துகாட்டுவதால் என்ன பயன்? நம் கிராமங்களிலும் கைத்தொழில்கள் பல நலிந்துவரும் இக்காலத்தில், இக்கேள்வி பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் சிந்திக்கத் தக்கது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பூவிழா என்பது யாது?

ஆங்கிலக் கிராமத்தின் நடுவே பெரும்பாலும் கல்லால் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கும். அவற்றுள் பல 600, 700 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கூரையில் வேய்ந்த ஈயத்தகடு பழுதுபடும், மழைநீர் கசியும், கோபுரத்து மணிகளைத் தாங்கும் மரச்சட்டம் உளுத்துப்போகும். புராதனச் சின்னங்களுக்கான உதவித்தொகை சிற்சில வேளை கிடைப்பதுண்டு எனினும், வழக்கமான பராமரிப்புச் செலவை ஊராரே திரட்டிக்கொள்ள வேண்டும். அதற்கென அவர்கள் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று பூவிழா. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வழக்கம் நன்கு பரவியது.

விழா பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் நடக்கும். திங்கட்கிழமை விடுமுறையாயின் மூன்று நாட்கள். தேவாலயத்தின் ஒவ்வொரு சன்னலும், தூணும், ஞானஸ்நானத் தொட்டியும் ஒவ்வொரு குழுவினர் பொறுப்பில் விடப்படும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு சன்னலை அலங்கரிப்பர், மாதர் சங்கத்தார் மற்றொன்றை, மணியடிப்போர் வேறொன்றை. அறுவடை, ஊரின் வரலாறு, பழைய தொழில்கள் என்பவைபோல ஒரு பொருளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு அதற்கேற்ப மலர்களை அமைப்பர். வீட்டுத் தோட்டத்து ரோசாவும், வேலியோரத்துக் காட்டுப்பூவும், வயற்கதிரும் அங்கே இடம் பெறும். வாயிலில் உண்டியல் இருக்கும். ஒருபுறம் தேநீரும் பணியாரமும் விற்பர்; மற்றொருபுறம் நாற்றுகளும் செடிகளும் விலைக்குக் கிடைக்கும்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நன்று. இங்கிலாந்தில் நம் பஞ்சாயத்தை ஒத்த ஊர்மன்றங்கள் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டவை. தேவாலயக் காரியங்களை நடத்தும் சபை வேறு, ஊர்மன்றம் வேறு. ஆயினும் பூவிழாவென்றால் ஊரே கூடி நிற்கும். தேவாலயத்திற்கு வழக்கமாகச் செல்லாதவரும் அன்று வருவர். அக்கம்பக்கத்து ஊராரும் வருவர். மக்கள் அவ்வாறு கூடும் இடமே ஒரு கைத்தொழிலைக் காட்டுவதற்கு ஏற்ற இடம் என்பதைக் கண்டே ரேந்தை பின்னுவோர் அங்கு அழைக்கப்படுகின்றனர்.

திண்டும் அதன் கருவிகளும்

நாமும் அப்படி ஒரு விழாவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். சன்னலருகே நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் அம்மையார் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னே மரச்சட்டத்தின்மேல் ஒரு திண்டு இருக்கிறது. வைக்கோலை நறுக்கி, கல்லைப்போல் கெட்டியாகும்வரை இடித்துத் திணித்த திண்டு அது. குத்திய ஊசி ஆடாமல் நிற்க வேண்டும். ஆகவே மெத்தென்று இருந்தால் பயனில்லை. இக்காலத்தில் நுரைப்பொருளால் செய்த இலேசான திண்டுகளும் வழக்கில் உள்ளன.

திண்டின்மேல் ஓர் அட்டை விரிக்கப்பட்டிருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான சிறு துளைகள். ரேந்தையின் கோலம் முழுவதும் அத்துளைகளில் அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் பதமிட்ட தோலில் இத்துளைகளை இடுவர்; ஒரே தோல் தாயிடமிருந்து மகளுக்கு வந்து நீண்டகாலம் பயன்படும். நம் பெண்கள் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதை இதற்கு ஒப்பிடலாம். புள்ளியைச் சரியாக வைத்துவிட்டால் கோடு வழிதவறுவதில்லை.

துளைதோறும் குத்துவதற்குக் குண்டூசிகள் வேண்டும். அவை பித்தளையால் ஆனவை. இரும்பாயின் துருப்பிடித்து வெண்ணூலைக் கறைப்படுத்திவிடும்.

அடுத்தது நூல் சுற்றிய கட்டை. இதனைப் பாபின் என்பர். தையல் இயந்திரத்தின் பாபினைப்போல் வட்டமாக இராமல், நம் சுண்டுவிரலினும் மெலிந்த, ஏறக்குறைய 4 அங்குல நீளமுள்ள குச்சியாக இருக்கும். மரத்தாலும் எலும்பாலும் இவற்றைக் கடைந்து செய்வர். பக்கிங்காம்ஷயர்ப் பகுதியின் பாபினுடைய அடியில் கம்பியில் கோத்த பாசிமணி வளையம் ஒன்று தொங்கும். அது வெறும் அலங்காரமன்று. மணியின் கனம் நூலை விறைப்பாக நிறுத்துகிறது; பாபின் உருண்டு முறுக்கு அவிழாமலும் காக்கிறது. ஹானிடன் பகுதியின் பாபினுக்கு மணி கிடையாது. அதன் முனை கூராகவும் வழவழப்பாகவும் இருக்கும். பின்னி முடித்த இடத்தில் நூலை வளையமாக இழுத்து, அதனுள் பாபினையே நுழைத்து இணைப்பது அவ்வூர் முறையாதலால், மணி இருந்தால் தடுக்கும். வேலையின் தன்மைக்கேற்பவே கருவியின் வடிவம் அமைகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பழைய எலும்புப் பாபின்கள் சிலவற்றில் பெயர்களும், ஆண்டுகளும், அன்பு மொழிகளும் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். காதலன் கொடுத்தது, பிள்ளை பிறந்த நினைவாகச் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. எழுதப்படாத ஏழைக் குடும்ப வரலாறுகள் பல இவ்வாறு திண்டின்மேல் கிடந்தன.

இரண்டே அசைவுகள்

நூறு பாபின்கள் தொங்கும் திண்டைக் காண்போர் முதலில் மலைத்துப்போவர். ஆனால் இத்தொழிலின் அடிப்படை மிக எளிது. ஒரு நூலின் இரு முனைகளிலும் இரண்டு பாபின்கள் இருப்பதால், எப்போதும் ஜோடிக் கணக்காகவே வேலை நடக்கும். எத்தனை ஜோடிகள் தொங்கினும், ஒரு வேளையில் கையில் எடுப்பவை இரண்டு ஜோடிகள், அதாவது நான்கு பாபின்களே.

அந்நான்கை வைத்துச் செய்யும் அசைவுகள் இரண்டு. முதலாவது குறுக்கிடுதல்: நடுவில் உள்ள இரண்டு பாபின்களுள் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன் மேலாகக் கடத்துவது. இரண்டாவது முறுக்குதல்: ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்ததன் மேலாகக் கடத்துவது. குறுக்கிட்டு, முறுக்கி, மீண்டும் குறுக்கிட்டால், தறியில் நெய்த துணியைப்போல் பாவும் ஊடையுமாக நெருங்கிய பின்னல் உண்டாகும். குறுக்கிட்டு முறுக்கி அத்துடன் நிறுத்தி அடுத்த ஜோடிக்குச் சென்றால், ஒளி ஊடுருவும் மெல்லிய வலை உண்டாகும். நெருங்கியது பூவிதழாகும், மெல்லியது நிழலாகும். பின்னல் நிலைபெற வேண்டிய இடத்தில் துளையில் ஓர் ஊசியைக் குத்தி இறுக்குவர். பின்னல் முன்னே செல்லச் செல்ல, பின்னால் உள்ள ஊசிகளைப் பிடுங்கி மீண்டும் பயன்படுத்துவர்.

கைத்தறி நெசவை அறிந்த நம்மவர்க்கு இது விளங்குவது எளிது. தறியில் பாவு நிலையாக நிற்க, ஊடை மட்டும் ஓடுகிறது. ரேந்தையிலோ பாவாக நின்ற நூல் அடுத்த கணமே ஊடையாக ஓடலாம். ஓடிய நூல் நிற்கலாம். எந்த இழை எப்போது எதுவாகும் என்பதை அட்டையின் துளைகளும் பின்னுபவரின் நினைவுமே நிர்ணயிக்கின்றன.

இதே இரண்டு அசைவுகளைக்கொண்டு ஊருக்கு ஒரு வகை தோன்றியது. பக்கிங்காம்ஷயர் ரேந்தைக்கு அறுகோணக் கண்களுள்ள நுண்ணிய வலைத் தளம் சிறப்பு. பெட்போர்டுஷயர் ரேந்தையில் வலைத் தளத்திற்குப் பதிலாகச் சடைபோன்ற இழைகள் பூக்களை இணைக்கும். ஹானிடனில் பூவையும் இலையையும் தனித்தனியே பின்னிப் பிறகு ஒன்றாகச் சேர்ப்பர். பழகிய கைக்கும் குறுகலான கரை ஓர் அங்குலம் வளர ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அகலமான நுண்பின்னலாயின் அதே ஓர் அங்குலம் பல மணி நேரத்தை விழுங்கிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு இனி வரலாற்றைப் பார்ப்போம்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வளர்ந்த தொழில்

திண்டு ரேந்தை ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸ் நாட்டிலும் வளர்ந்த கலை. மதக்கலகங்களுக்கு அஞ்சி அங்கிருந்து வந்த அகதிகள் அதை இங்கிலாந்தில் பரப்பினர் என்பது மரபாக வழங்கும் செய்தி. அரசி காதரின் பெட்போர்டுஷயர்ப் பெண்களுக்குக் கற்பித்தார் என்ற கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், நவம்பர் 25ஆம் நாளாகிய புனித காதரின் திருநாள் ரேந்தை பின்னுவோரின் விடுமுறை நாளாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. சில ஊர்களில் நவம்பர் 30ஆம் நாளாகிய புனித அந்திரேயா திருநாள் அதற்குரியதாயிற்று.

ஆண்கள் வயலில் கூலிவேலை செய்ய, பெண்கள் வீட்டில் ரேந்தை பின்னினர். விவசாயக் கூலி போதாத குடும்பங்களுக்கு அது பெருந்துணை. ஆனால் அதன் விலை கடுமையானது. ஐந்து, ஆறு வயதிலேயே குழந்தைகள் 'ரேந்தைப் பள்ளி'க்கு அனுப்பப்பட்டனர். பெயர் பள்ளியாயினும் அங்கே எழுத்தறிவுக்குக் கிடைத்த இடம் சிறிது. ஒரு மூதாட்டியின் சிறிய அறையில் நாள் முழுதும் திண்டின்முன் குனிந்திருப்பதே படிப்பு. குத்திய ஊசிகளை எண்ணிக்கொள்ள எண்ணுப் பாடல்களை ஒருமித்துப் பாடுவர். கரி படிந்தால் வெண்ணூல் கெட்டுவிடும் என்று அடுப்பை மூட்டமாட்டார்கள். குளிர்காலத்தில் தணல் இட்ட மண்சட்டியைக் காலடியில் வைத்துக்கொள்வர். மாலையில் ஒரே மெழுகுவர்த்தியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை நிறுத்துவர். சுடரின் ஒளி குடுவைநீரில் குவிந்து ஒவ்வொரு திண்டின்மேலும் ஒரு பொட்டாக விழும். அந்தப் பொட்டு வெளிச்சத்தில் பலர் வேலை செய்தனர். அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடுதான். ஆயினும் அவர்தம் கண்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

நூலும் கோல அட்டையும் வியாபாரியிடமிருந்து வரும். முடிந்த ரேந்தையை அவரிடமே கொடுக்க வேண்டும். விலையை அவரே சொல்வார். கூலியில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடாமல் தம் கடைச் சரக்காகக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. தரகர் கையில் விளைபொருளை ஒப்படைத்துவிட்டு அவர் சொன்ன விலைக்குத் தலையசைத்த அனுபவம் நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. ஓல்னி என்ற சிற்றூரில் வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர் 1780இல் எழுதிய கடிதம் ஒன்றில், அவ்வூரில் ஏறக்குறைய 1,200 பேர் ரேந்தை பின்னுவோர் என்றும், அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் பட்டினியின் விளிம்பில் இருப்பதைத் தாம் கண்ணாரக் கண்டதாகவும் கூறுகிறார். சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்த பொருளைச் செய்த கைகளின் நிலை அது.

இயந்திரம் வந்த பின்

1808, 1809ஆம் ஆண்டுகளில் ஜான் ஹீத்கோட் என்பார், கையால் பின்னும் வலைத் தளத்தை இயந்திரத்தால் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1816 ஜூனில் லஃப்பரோவில் இருந்த அவருடைய தொழிற்சாலையில் லுட்டைட்டுகள் எனப்பட்ட இயந்திர எதிர்ப்பாளர் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தனர். அவர் தொழிலை டெவன் மாவட்டத்து டிவர்டனுக்கு மாற்றிக்கொண்டார். இயந்திரமோ நிற்கவில்லை. சில பத்தாண்டுகளில் பூவேலைப்பாட்டையும் அது கற்றுக்கொண்டது. 1840இல் விக்டோரியா அரசி தம் திருமண உடைக்கு டெவன் கிராமத்துப் பெண்கள் பின்னிய ஹானிடன் ரேந்தையை அணிந்து ஆதரவு காட்டினார். அரசியின் ஆதரவு புகழைத் தந்தது. விலைப்போட்டியைத் தடுக்க அதனால் இயலவில்லை.

மற்றொரு மாறுதல் சட்டத்தின் வழியே வந்தது. 1867ஆம் ஆண்டுத் தொழிற்கூடச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கைத்தொழிலில் அமர்த்துவதைத் தடுத்தது. 1870, 1880ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் குழந்தைகளை உண்மையான பள்ளிக்கு அழைத்துச் சென்றன. ரேந்தைப் பள்ளிகள் மூடப்பட்டன. இதை ஒரு நஷ்டம் என்று நாம் சொல்லலாகாது. குழந்தையின் கண்களைத் தேய்த்து வளரும் தொழில் வளராமலிருப்பதே மேல்.

1897இல் வடபக்கிங்காம்ஷயர் ரேந்தைச் சங்கம் போன்ற அமைப்புகள் தோன்றி, நல்ல கோலங்களைத் தேடி எடுத்தும், நியாயமான விலைக்கு விற்றுக் கொடுத்தும் தொழிலைத் தாங்க முயன்றன. முதல் உலகப் போருக்குப் பின் அம்முயற்சியும் தளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கிராமங்களில் எஞ்சியிருந்தோர் ஒருசில மூதாட்டிகளே. அவர்களிடம் சென்று கேட்டுக் கற்றவர்கள் வேறு சிலருக்கு மாலை வகுப்புகளில் கற்பித்தனர். 1976இல் ரேந்தைக் கழகம் என்ற தேசிய அமைப்பு ஏற்பட்டது. அறுந்துபோக இருந்த இழை இவ்வாறு ஒரு தலைமுறையின் முயற்சியால் முடிச்சிடப்பட்டது. இன்று பூவிழாவில் திண்டின்முன் அமர்பவர் பெரும்பாலும் அந்த வகுப்புகளின் வழிவந்தவரே.

செய்துகாட்டுவதில் ஒரு முறை உண்டு

விழாவில் ஒரு கைத்தொழிலை நன்கு காட்டுவதற்குத் திட்டம் வேண்டும். ரேந்தை பின்னுவோரின் அனுபவத்திலிருந்து நாம் அறியத்தக்கவை பின்வருமாறு:

1. இடம்: பின்னுபவருக்குப் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். பூச்சாடிகளுக்கு அருகே அமர்த்தலாகாது. சிந்தும் நீர் அட்டையை நனைக்கும். லில்லிப் பூவின் மகரந்தம் வெண்ணூலில் பட்டால் கறை எளிதில் நீங்காது. கூட்டம் நெருக்கினால் திண்டு இடிபடும். ஆகவே முன்னே ஒரு மேசையோ கயிறோ தேவை.

2. இரண்டாவது திண்டு: பார்ப்பவர் தொட்டுச் செய்வதற்கென்று தனித் திண்டு ஒன்று வைப்பர். அதில் நான்கைந்து ஜோடிகள் மட்டும் இருக்கும். நூல் பருமனாகவும், ஜோடிக்கு ஒரு நிறமாகவும் இருக்கும். குழந்தை தானே குறுக்கிட்டு முறுக்கிப் பார்க்கும்போது நிறங்கள் இடம் மாறுவதைக் காணும். ஒரு நிமிஷம் கையால் செய்தது ஒரு மணி நேரச் சொற்பொழிவினும் நன்கு பதியும்.

3. ஒப்பீடு: இயந்திர ரேந்தை ஒரு துண்டையும் கைரேந்தை ஒரு துண்டையும் அருகருகே வைத்து, ஓர் உருப்பெருக்கியும் வைப்பர். கைரேந்தையில் ஓர் இழையைக் கண்ணால் பின்தொடர்ந்தால், அது மேலும் கீழுமாகப் புகுந்து பூவின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவருவது தெரியும். வேற்றுமையைக் கண்ணால் கண்டவர்க்கு விலையின் வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை.

4. நேரக் கணக்கு: காட்சிக்கு வைத்த ஒவ்வொரு துண்டின் அருகிலும், அதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். இதுவே யாவற்றினும் முக்கியமானது.

நான்காவது குறிப்பைச் சற்று விளக்குவோம். ஒரு கைப்பொருளைக் கடையில் காண்பவருக்கு அதன் விலை மட்டும் தெரியும். செய்யும்போது காண்பவருக்கோ அதில் அடங்கிய காலம் தெரிகிறது. கால் மணி நேரம் நின்று பார்த்தும் பின்னல் ஒரு நெல்மணி அளவே வளர்ந்திருப்பதைக் கண்டவர், பிறகு 'இதற்கா இவ்வளவு விலை?' என்று கேட்பதில்லை. ஓல்னிப் பெண்களின் உழைப்பை அணிந்த சீமாட்டிகள் அதனைக் கண்டதில்லை. வியாபாரி அதனைக் காட்டவும் இல்லை. மறைந்திருந்த உழைப்புக்குக் கூலி குறைந்தது. உழைப்பை ஊர் நடுவே வெளிச்சத்தில் வைப்பதே செய்துகாட்டுதலின் பயன்.

பழங்காலத்துத் துன்பத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூக்களுக்கு நடுவே வெண்ணூலைப் பார்க்கும்போது அக்காலம் முழுவதும் இனிமையாக இருந்ததுபோல் தோன்றும். ரேந்தைப் பள்ளியையும் தணற்சட்டியையும் சரக்குக் கூலியையும் எடுத்துச் சொல்லும் காட்சியாளரே உண்மையான ஆசிரியர்.

நம் நாட்டில் இக்கலை

இக்கலை நம் தமிழ் மண்ணிலும் வேரூன்றிய வரலாறு உண்டு. 1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரும் அவர் மனைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவிலுக்கு வந்தனர். அப்போது அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அம்மையார் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தி, எழுத்தறிவுடன் திண்டு ரேந்தையையும் கற்பித்தார். அடிமைத்தளையில் கிடந்த பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலைக்கு வேண்டிய பொருளைச் செலுத்தினர் என மிஷன் ஏடுகள் கூறுகின்றன. அச்சமஸ்தானத்தில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். மால்ட் தம்பதியரின் மகளாகிய எலிசா அம்மையார் 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்கு வந்தார். அங்கும் பெண்களுக்கு ரேந்தை கற்பித்தார். இங்கிலாந்தில் கூலிக்குனிந்த முதுகுக்குக் காரணமாயிருந்த அதே தொழில், இங்கே சில பெண்களின் கையில் முதன்முதலாகத் தமக்கென்று ஒரு காசை வைத்தது. தொழில் ஒன்றே, கூலி யார் கையில் சேர்கிறது, எழுத்தறிவு உடன் வருகிறதா என்பவையே பயனை வேறாக்கின.

ஆந்திர மாநிலத்து நரசாபூர்ப் பகுதி நமக்கு மற்றொரு பாடம் தருகிறது. அங்கே வழங்குவது கொக்கி ஊசியால் பின்னும் குரோசே ரேந்தை. மரியா மீஸ் என்ற சமூகவியல் அறிஞர் அப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் ஏற்றுமதிக்காக உழைத்தும், 'வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்று அவ்வுழைப்புக்குப் பெயரிட்டதால் அவர்களுக்குச் சொற்பக் கூலியே கிடைத்தது என்பது அவர் கண்ட முடிவு. 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல் கூலியை எவ்வளவு குறைக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம். ஆங்கிலக் கிராமத்து அம்மையார் விருப்பத்தினால் பின்னுகிறார். அவருக்கு அது பொழுதுபோக்காக இருக்கலாம். நம் கிராமத்துப் பெண்ணுக்கோ அது அடுப்பெரியும் வழி. அவர் உழைப்பை அப்பெயரால் அழைக்கலாகாது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

நம் ஊர்களில் தேர்த்திருவிழா, கோவில் கொடை, மாதா கோவில் திருவிழா, சந்தனக்கூடு என மக்கள் கூடும் நாட்களுக்குக் குறைவில்லை. வளையற்கடையும் இராட்டினமும் இடம்பெறும் அத்திடலில், கோரைப்பாய் நெய்பவருக்கும், பனையோலைப் பெட்டி முடைபவருக்கும், குயவருக்கும், ரேந்தை பின்னத் தெரிந்த பாட்டி எவரேனும் இருப்பின் அவருக்கும், ஒரு பந்தலை ஒதுக்குவது பஞ்சாயத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. நல்ல வெளிச்சம், அமர வசதியான ஆசனம், குடிநீர், குழந்தைகள் தொட்டுச் செய்ய ஒரு மாதிரிக் கருவி ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

இரண்டு காரியங்களை மட்டும் மறவாதிருக்க வேண்டும். முதலாவது, செய்துகாட்டுபவருக்கு அந்நாளின் கூலியைப் பஞ்சாயத்தோ விழாக்குழுவோ கொடுத்துவிட வேண்டும்; பொருள் விற்றால் வரும் பணம் அதற்கு மேற்பட்டது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவரை வெறும் பொன்னாடையோடு அனுப்புவது முறையன்று. இரண்டாவது, பொருளின் அருகே வேலை நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இக்கணக்கை எழுதிவரின், வியாபாரியிடம் விலை பேசும்போதும் அதுவே அவர்களுக்கு ஆதாரமாகும்.

விழா முடிந்தவுடன் பந்தலைப் பிரித்துவிடுவோம். ஆயினும் அன்று கற்க ஆசைப்பட்ட நான்கு பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, பள்ளி விட்ட பின் வாரத்தில் ஒருநாள் அத்தொழிலாளியிடம் அவர்கள் சென்றுவர ஏற்பாடு செய்தால், தொழில் ஒரு தலைமுறை நீளும். ஆங்கிலக் கிராமங்களில் மூதாட்டிகளிடம் சிலர் சென்று கேட்டதனால்தான் திண்டு ரேந்தை இன்றும் அங்கே காணக் கிடைக்கிறது. நம் ஊரிலும் கேட்கவேண்டியவர் கேட்பதற்கு முன் சொல்லவேண்டியவர் மறைந்துவிடலாகாது. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே, நம் ஊரில் எந்தக் கைத்தொழிலை இன்னும் எத்தனை பேர் அறிவர் என்று ஒரு பட்டியல் எடுக்கத் தொடங்கலாம்.